புகைபோக்கியைத் துடைத்தாயிற்று, கரியை என்ன செய்வது?

ஈர விறகை அடுப்பில் வைத்தால் என்ன நடக்கும் என்பது விறகடுப்பைக் கண்டவர்களுக்குத் தெரியும். விறகின் ஒரு முனை எரியும். மறுமுனையில் நுரை பொங்கி நீர் கசியும். புகை கண்ணைக் கரிக்கும். நாளடைவில் அடுப்புக்கு மேலே உள்ள சுவரும் கூரையின் அடிப்புறமும் கறுத்துப் பிசுபிசுத்துப் போகும். அந்தக் கறுப்பைத் துணியால் துடைத்தால் எளிதில் போகாது. கையில் ஒட்டிக்கொண்டு நாறும்.

நம் ஊர் அடுப்படியில் புகையின் பெரும்பகுதி சன்னல் வழியாகவும் ஓட்டு இடுக்கு வழியாகவும் வெளியே போய்விடுகிறது. ஆனால் கனடா, நார்வே, சுவீடன் போன்ற குளிர் நாடுகளில் சன்னலைத் திறந்து வைக்க முடியுமா? அங்கே மாதக்கணக்கில் வீட்டுக்குள் கணப்பு எரிய வேண்டும். கதவும் சன்னலும் மூடியிருக்க வேண்டும். எனவே புகை முழுவதும் புகைபோக்கி என்னும் ஒரே குழாய் வழியாக வெளியேறுகிறது. நம் கூரையெங்கும் பரவிப் படியும் கறுப்பு, அங்கே அந்தக் குழாயின் உட்சுவரில் அடுக்கடுக்காகச் சேர்கிறது. இதற்குக் கிரியோசோட் என்று பெயர்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது புகைபோக்கியைச் சோதித்துத் துப்புரவு செய்ய வேண்டும் என்பது அந்நாடுகளில் பொது அறிவுரை. நீண்ட தூரிகையால் தேய்த்துக் கரியை உதிர்த்துவிடலாம். பிறகு ஒரு கேள்வி எழுகிறது. உதிர்ந்த கரியை எங்கே கொட்டுவது? சிறிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை தெரியாமல் போனதால் சிறுவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றையும் அறிவியலையும் இங்கே காண்போம்.

கிரியோசோட் எப்படி உண்டாகிறது?

"விறகு எரிகிறது" என்று நாம் சொல்வது முழு உண்மையன்று. மரத்தில் செல்லுலோஸ், அரைச்செல்லுலோஸ், லிக்னின் என்னும் பெரிய மூலக்கூறுகள் உள்ளன. மரத்தைச் சூடாக்கும்போது முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகும். சூடு இன்னும் ஏறினால் இம்மூலக்கூறுகள் உடைந்து எரியக்கூடிய வாயுக்களாகவும் தார் ஆவிகளாகவும் வெளிப்படும். இதை வெப்பச் சிதைவு என்பர். நாம் காணும் சுடர், இந்த வாயுக்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கலந்து எரிவதால் தோன்றுவது. அவை நன்றாக எரியச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். இரண்டும் கிடைத்தால் பெரும்பாலும் கரியமிலவாயுவும் நீராவியுமே மிஞ்சும். ஒன்று குறைந்தாலும் ஆவிகள் எரியாமலே புகையாக மேலே போகும்.

மேலே போகும் வழியில் குளிர்ந்த சுவர் காத்திருக்கிறது. புகையின் வெப்பம் சுமார் 120 டிகிரிக்குக் கீழே இறங்கினால், குளிர்ந்த நீர்க் குவளையின் வெளிப்புறத்தில் பனித்துளி படிவதுபோல், நீராவியும் தார் ஆவிகளும் குழாய்ச் சுவரில் படியும். புகைக்கரித் துகள்களும் அதில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் அடுத்தடுத்து மூட்டும் தீயின் சூட்டில் இப்படிவு உலர்ந்து இறுகும்.

இது மூன்று வடிவங்களில் காணப்படுகிறது. முதலாவது, தூரிகைக்கு எளிதில் உதிரும் தூள் கரி. இரண்டாவது, பளபளப்பான கடினச் செதில்கள். மூன்றாவது, உருகிய தார் வழிந்து உறைந்தாற்போன்ற கண்ணாடிப் பூச்சு. இந்த மூன்றாம் வகையைச் சாதாரணத் தூரிகையால் அகற்றவே முடியாது.

ஒரு கணக்கு

ஈர விறகு ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? அப்போது வெட்டிய மரத்தில் பாதி எடை நீராக இருக்கலாம். அத்தகைய விறகில் 1 கிலோகிராம் எடுத்துக்கொள்வோம். அதில் அரைக் கிலோ நீர், அரைக் கிலோ உலர் மரம்.

அறைவெப்பம் 10 டிகிரி என்று கொண்டால், அரைக் கிலோ நீரை 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 190 கிலோஜூல் வேண்டும். அதை ஆவியாக்க மேலும் 1,130 கிலோஜூல் வேண்டும். மொத்தம் 1,320 கிலோஜூல். உலர் மரம் ஒரு கிலோவுக்குச் சுமார் 18,000 கிலோஜூல் வெப்பம் தரும். எனவே நம்மிடமுள்ள அரைக் கிலோ தருவது 9,000 கிலோஜூல். ஆக, விறகு தரும் வெப்பத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு நீரை விரட்டவே செலவாகிவிடுகிறது. வெப்பம் போவதோடு தீயும் குளிர்கிறது. தீ குளிர்ந்தால் ஆவிகள் எரிவதில்லை. எரியாத ஆவிகள் சுவரில் படிகின்றன. ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை விறகை உலர்த்த வேண்டும் என்று வல்லுநர் கூறுவதற்குக் காரணம் இதுவே.

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டபோது அமெரிக்காவில் பல குடும்பங்கள் மீண்டும் விறகுக்குத் திரும்பின. அப்போது பரவிய காற்றுப்புகா அடுப்புகளில், இரவு முழுவதும் நெருப்பு நீடிக்க வேண்டுமென்று காற்று வழியை மிகவும் குறைத்து வைத்தனர். விறகு மிச்சமானதுபோல் தோன்றியது. உண்மையில் அதில் ஒரு பகுதி எரியாமலே போய்ப் புகைபோக்கியில் ஒட்டிக்கொண்டது. 1988இல் அந்நாட்டு அரசு புதிய விறகடுப்புகளின் புகைக்கு வரம்பு விதித்தது.

கிரியோசோட் என்பது எரியாமல் தப்பிய எரிபொருள் என்பதை மறக்கலாகாது. ஒரு நாள் தீப்பொறி மேலே பறந்தால், குழாயில் சேர்ந்தது முழுவதும் பற்றிக்கொள்ளும். அப்போது வெப்பம் 1,000 டிகிரியையும் தாண்டும். ரயில் வண்டி விரைந்து போவது போன்ற இரைச்சல் கேட்கும் என்பார்கள். குழாயின் உள்ஓடுகள் வெடித்தால் நெருப்பு வீட்டின் மரச்சட்டங்களுக்குத் தாவிவிடும். எனவே படிவின் கனம் 3 மில்லிமீட்டர் ஆகிவிட்டாலே துப்புரவு செய்துவிட வேண்டும் என்பது விதி.

ஒரு பெயர், மூன்று பொருள்கள்

கிரியோசோட் என்ற பெயரைச் சூட்டியவர் கார்ல் ரைஷன்பாக் என்ற ஜெர்மானிய வேதியியலார். 1832ஆம் ஆண்டையொட்டி, பீச் மரத்தாரிலிருந்து எண்ணெய் போன்ற ஒரு திரவத்தை அவர் பிரித்தெடுத்தார். அதில் தோய்த்த இறைச்சி கெடவில்லை. ஆகவே 'இறைச்சியைக் காப்பது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார். மாலத்தீவிலிருந்து வரும் மாசிக் கருவாடு நெடுநாள் கெடாதிருப்பதற்கு, அதை உலர்த்தியதோடு புகையூட்டியதும் ஒரு காரணம். புகையிலுள்ள பீனால் வகைப் பொருள்களே நுண்ணுயிர்களைத் தடுக்கின்றன.

இரண்டாவது, நிலக்கரித் தாரிலிருந்து காய்ச்சி வடிப்பது. 1838இல் ஜான் பெத்தெல் என்ற ஆங்கிலேயர், இதனை அழுத்தத்தால் மரத்துக்குள் ஏற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ரயில் பாதையின் பழைய மரச் சிலீப்பர்களில் வெயில் நேரத்தில் கறுப்பாகக் கசிந்து, காரமாக மணப்பது பெரும்பாலும் இதுதான். இத்தகைய சிலீப்பர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வந்தன. இப்போது அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் கான்கிரீட் பிடித்துக்கொண்டது.

மூன்றாவதுதான் புகைபோக்கிக் கிரியோசோட். இது தூய பொருளன்று. தார், பீனால்கள், கரித்துகள்கள், பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் ஆகியவை கலந்த கலவை. இவற்றுள் கடைசியாகச் சொன்னவையே நமக்குக் கவலை தருபவை.

கரி எங்கே போயிற்று?

இனி வரலாற்றுக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டில் லண்டன் வீடுகளில் நிலக்கரி எரித்தனர். புகைபோக்கிகள் குறுகலானவை, பலவற்றின் அளவு 14 அங்குலத்துக்கு 9 அங்குலம்தான். பெரியவர்கள் நுழைய முடியாது. எனவே ஏழைச் சிறுவர்களை உள்ளே ஏறச் செய்தனர். முழங்கையாலும் முழங்காலாலும் உந்தி ஏறிய அச்சிறுவர்கள் கரியைச் சுரண்டிக் கீழே தள்ளினர். அந்தக் கரியை முதலாளி சாக்குகளில் கட்டிச் சலித்து, உழவர்களுக்கு உரமாக விற்றார். நிலக்கரிக் கரியில் அம்மோனிய உப்புகள் இருந்ததால் அதற்கு விலை இருந்தது. இரவில் குளிருக்கு அச்சிறுவர்கள் போர்த்திக்கொண்டதும் அதே கரிச் சாக்குகளைத்தான். குளிப்பதோ அரிது.

1775ஆம் ஆண்டில், லண்டன் புனித பர்த்தலோமியோ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் ஓர் உண்மையை வெளியிட்டார். இளமையில் புகைபோக்கி ஏறியவர்களுக்கு, பிற்காலத்தில் விதைப்பையின் தோலில் ஒரு வகைப் புற்றுநோய் வருகிறது. தோல் மடிப்புகளில் தங்கிய கரியே அதற்குக் காரணம் என்றார் அவர். ஒரு தொழிலில் கையாளும் பொருளுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டிய முதல் ஆய்வுகளில் ஒன்று இது.

சிறுவர்களைக் காக்கச் சட்டங்கள் வந்தன. 1788இல் 8 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கலாகாது என்றும், 1840இல் 21 வயதுக்குட்பட்டோர் ஏறலாகாது என்றும் விதித்தனர். ஆனால் கண்காணிப்பார் இல்லை. 1875இல் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் கேம்பிரிட்ஜுக்கு அருகே ஒரு மருத்துவமனையின் புகைபோக்கியில் சிக்கி இறந்தான். அதே ஆண்டு, காவல்துறையிடம் உரிமம் பெற்றவரே இத்தொழிலைச் செய்யலாம் என்று புதிய சட்டம் வந்தது. அதன்பின்னரே இக்கொடுமை ஒழிந்தது.

பாட் கண்டதை நிறுவிக் காட்ட நெடுங்காலம் பிடித்தது. 1915இல் டோக்கியோவில் யாமாகிவா, இச்சிகாவா என்னும் இரு அறிஞர்கள் முயல்களின் காதுகளில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் பூசிவந்து புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினர். தாரில் குற்றவாளி யார்? லண்டனில் குக், ஹெவெட், ஹீகர் ஆகியோர் 2 டன் நிலக்கரிக் கீலைப் படிப்படியாகப் பிரித்துத் தேடினர். 1933இல் விடை கிடைத்தது. அதுவே பென்சோபைரீன். 20 கார்பன் அணுக்களும் 12 ஹைட்ரஜன் அணுக்களும் ஐந்து வளையங்களாக இணைந்த பொருள் அது. நிலக்கரியானாலும் மரமானாலும், அரைகுறையாக எரியும்போது இத்தகைய வளையங்கள் உருவாகின்றன. உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புகைக்கரியையும் பென்சோபைரீனையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்ற முதல் பிரிவில் சேர்த்துள்ளது.

எப்போதோ ஒரு முறை கரியைத் தொட்டவருக்கெல்லாம் புற்றுநோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். நாள்தோறும் ஆண்டுக்கணக்கில் உடலில் படிந்திருப்பதே பேராபத்து. ஆனால் தவிர்க்கக்கூடியதை ஏன் தவிர்க்காமல் விட வேண்டும்?

எப்படி அப்புறப்படுத்துவது?

முதலில், ஆறவிட வேண்டும். சாம்பல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அதனுள் புதைந்த கங்கு, மேலே தொட்டால் சில்லென்று இருக்கும்போதும் நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கலாம். அத்தகைய கங்கு கிரியோசோட் செதில்களுடன் ஒரு காகிதப் பையில் சேர்ந்தால் என்ன ஆகும்? தீ அணைந்துவிட்டது என்று நம்பி, பையை மரத் திண்ணையில் வைத்துவிட்டு உறங்கப்போன வீடுகள் எரிந்ததுண்டு. எனவே உலோக வாளியில் இட்டு, இறுக்கமான உலோக மூடியால் மூடி, வீட்டிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, வெளியே கல் அல்லது மண் தரையில் வைக்க வேண்டும். மூடி இறுக்கமாக இருந்தால் ஆக்சிஜன் கிடைக்காமல் கங்கு அவிந்துவிடும்.

இரண்டாவது, தூளைப் பறக்கவிடலாகாது. சிறிது நீர் தெளித்து வாரலாம். மூக்கையும் வாயையும் தகுந்த முகமூடியால் மூடி, கையுறை அணிய வேண்டும். வீட்டில் தரை துடைக்கும் சாதாரண வெற்றிட உறிஞ்சியைப் பயன்படுத்தலாகாது. நுண்ணிய கரி அதன் வடிகட்டியைத் தாண்டி அறைக்குள்ளேயே திரும்பி வரும்.

மூன்றாவது, நன்றாக ஆறிய பின் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி ஊராட்சி அல்லது நகராட்சியின் விதிப்படி குப்பையில் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் தொழிற்சாலைகளின் அபாயக் கழிவுகளுக்கு உரிய கூட்டாட்சி விதிகள் வீட்டுக் குப்பைக்குப் பொருந்தா. எனவே ஒரு வீட்டில் சேரும் உலர்ந்த கரியைப் பொதுவாகக் குப்பையோடு அனுப்பலாம். ஆனால் தார் போன்ற மூன்றாம் வகையும், அதைக் கரைக்க இட்ட வேதிப்பொருள் கலந்த கழிவும் அப்படியல்ல. அவற்றை வீட்டு அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்கலாமா என்று உள்ளூர் அலுவலகத்தைக் கேட்டுச் செய்வதே முறை.

செய்யலாகாதவை

"கிரியோசோட் எரிபொருள்தானே? அடுப்பிலேயே போட்டு எரித்துவிட்டால் என்ன?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. எந்த அடுப்பில் எரியாமல் தப்பியதோ, அதே அடுப்பில் மீண்டும் இட்டால் மீண்டும் தப்பும். மறுபடியும் புகைபோக்கியில் போய் ஒட்டும். அல்லது திடீரெனச் சீறி எரிந்து மேலே உள்ள படிவையும் பற்றவைக்கும். ஐரோப்பாவின் பெரிய குப்பை எரி உலைகளில், வாயுக்கள் குறைந்தது 850 டிகிரியில் 2 விநாடியாவது இருக்க வேண்டும் என்று விதி உள்ளது. அந்த வெப்பத்திலும் நேரத்திலும்தான் பல்வளையப் பொருள்கள் நன்கு சிதையும். வீட்டுக் கணப்பில் அதை உறுதிசெய்ய இயலாது.

"தோட்டத்தில் போடலாமா? சாம்பல் செடிக்கு நல்லதாயிற்றே!" இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாம்பல் என்பது எரிந்து முடிந்தபின் மிஞ்சும் தாது உப்புகள். அதில் பொட்டாசியமும் கால்சியமும் உண்டு. கிரியோசோட் எரிந்து முடியாத தார். இரண்டும் ஒரே அடுப்பில் பிறந்தவை. ஒன்று செடிக்கு உணவு, மற்றது நஞ்சு. பல்வளையப் பொருள்கள் நீரில் அரிதாகவே கரையும். மண் துகள்களைப் பற்றிக்கொண்டு மெதுவாகவே சிதையும். ஆகவே துடைத்த கரியைச் சாம்பலோடு கலக்காமல் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும். கலந்துவிட்டால் சாம்பலையும் தோட்டத்தில் இடலாகாது.

"சாக்கடையில் கொட்டலாமா?" கூடாது. தார் குழாயை அடைக்கும். பீனால்கள் கழிவுநீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்களையே தாக்கும். ஆற்றில் கலந்த பீனால், குடிநீருக்காகக் குளோரின் கலக்கும்போது குளோரோபீனாலாக மாறி, மிகச் சிறிய அளவிலேயே நீருக்கு மருந்து நாற்றத்தைத் தந்துவிடும்.

சரி, குப்பை மேட்டுக்குப் போன கரி அங்கே அழிந்துவிடுகிறதா? இல்லை. நன்கு அமைத்த குப்பைக் குழிகளில் களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் அடியில் இருக்கும். கசியும் நீரைத் தனியே சேகரிப்பார்கள். பல்வளையப் பொருள்கள் நீரில் எளிதில் கரையாத காரணத்தால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். அதாவது நாம் அதை ஒழிக்கவில்லை. தீங்கு செய்யாத இடத்தில் அடைத்து வைக்கிறோம். ஆகவே அகற்றுவதைவிட உண்டாகாமல் தடுப்பதே சிறந்தது. உலர்ந்த விறகு, போதிய காற்று, சிறிதானாலும் சுடர்விட்டு எரியும் நெருப்பு, வெப்பம் இழக்காதபடி உறையிட்ட குழாய் ஆகிய நான்கும் இருந்தால் துடைக்க வேண்டிய கரி மிகவும் குறைந்துவிடும்.

இதை ஒரு சிறு சோதனையால் காணலாம். ஆசிரியர் அல்லது பெற்றோர் முன்னிலையில், குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியின் அடிப்பகுதியை மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று மேலே ஒரு கணம் காட்டி எடுங்கள். ஆவி படிந்து மங்கும். பிறகு சுடருக்குள்ளேயே பிடியுங்கள். உடனே கறுத்துவிடும். எரிய வேண்டிய கார்பன், குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதால் எரியாமல் நின்றுவிட்டது. கரண்டி ஆறியபின் கரியைத் துணியில் துடையுங்கள். கரண்டி வெளுக்கும், துணி கறுக்கும். கரி அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது.

கடைசியாக ஒரு செய்தி. 1892இல் ஹென்றி பட்லின் என்ற ஆங்கில மருத்துவர், புகைபோக்கித் தொழிலாளர் புற்றுநோய் இங்கிலாந்தில் மிகுதியாகவும் ஐரோப்பாவின் பிற நாடுகளில் அரிதாகவும் இருப்பது ஏன் என்று ஆராய்ந்தார். ஜெர்மனி போன்ற நாடுகளில் தொழிலாளர்கள் உடலை ஒட்டிய காப்பு உடை அணிந்தனர். வேலை முடிந்ததும் உடலைக் கழுவினர். பென்சோபைரீன் என்ற பெயர் உலகுக்குத் தெரிவதற்கு 41 ஆண்டுகளுக்கு முன்பே சோப்பும் நீரும் பல உயிர்களைக் காத்திருந்தன.

எனவே வேலை முடிந்ததும் கைகளையும் முகத்தையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ பயன்படுத்தலாகாது. அவை தாரைக் கரைத்துத் தோலுக்குள் செலுத்திவிடும். அழுக்கான உடையைத் தனியே துவைக்க வேண்டும். ஆனால் கையைக் கழுவுவது வேறு, கழிவைக் கைகழுவி விடுவது வேறு. லண்டன் வீடுகளின் கணப்பறைகள் அன்று பளிச்சென்று இருந்தன. அங்கிருந்து அகன்ற கரி, சிறுவர்களின் தோலில் போய்ச் சேர்ந்தது. எதைத் துப்புரவு செய்தாலும், "இது இனி எங்கே போகும்? அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டுப் பார்ப்பது நம் கடமை.